பூட்டிய ஃபோல்டரை யாரிடமிருந்து பூட்டுகிறீர்கள்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய சாம்சங் போன் வீட்டில் எல்லோர் கைக்கும் போகும். தம்பி கேம் விளையாடுவான், அம்மா சீரியல் பார்ப்பார். குடும்பத்தின் ஆதார், பான் கார்டு, நகைக்கடன் ரசீது, ஸ்டான்லியில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், மற்றவர் பார்க்கக் கூடாத அவருடைய சொந்தப் படங்கள் என்று எல்லாமே அந்த ஒரே போனில்தான். இப்போது டிஸ்ப்ளே விரிசல் விட்டிருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் கொடுக்கப் போகிறார். "லாக் செய்த ஃபோல்டரில் போட்டுவிட்டால் கடையில் பார்க்க முடியாதா? வீட்டில் இருப்பவர்கள்? புதுப் போன் வாங்கினால் அதெல்லாம் கூடவே வருமா? அப்பா காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர், படகுத் தாள்களும் என் போனில்தான் இருக்கின்றன, அதையும் உள்ளே போட்டுவிடலாமா?" என்பது கேள்வி.

நம்பலாம். ஆனால் எந்த ஃபோல்டர், அதற்கு என்ன பின் நம்பர், வெளியே எத்தனை நகல் கிடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த நம்பிக்கை. இதற்குப் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் ஓர் ஆப் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்பது. வீட்டில் இருப்பவர்களுக்கு உங்கள் போனின் பின் தெரியும். கடைக்காரருக்குத் தெரியாது, ஆனால் கேட்பார். பஸ்ஸில் பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்குத் தெரியவும் தெரியாது, கேட்கவும் மாட்டான். இந்த மூவரில் திருடனைத் தடுப்பதுதான் போனுக்கு மிகச் சுலபமான வேலை. வீட்டாரைத் தடுப்பதுதான் கடினம்.

ஏன் என்று சொல்கிறேன். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதலே ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகக் குறியாக்கம் செய்யும் முறை இருக்கிறது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ஓடு வெளிவந்த போன்களில் தொடங்கி அது கட்டாயம். எந்த ஃபோல்டரையும் நீங்கள் பூட்டாவிட்டாலும், உங்கள் படங்கள் மெமரி சிப்பில் படிக்க முடியாத குப்பையாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதைத் திரும்பப் படமாக்கும் சாவி, நீங்கள் போடும் பின்னும் போனின் சிப்புக்குள் பதிந்திருக்கும் ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்துதான் உருவாகிறது. சிப்பைக் கழற்றி வேறு கருவியில் வைத்துப் படித்தாலும் பயன் இல்லை. தப்பான பின்னை அடுத்தடுத்துப் போட்டால் போன் நேரத்தைக் கூட்டிக் கூட்டிக் காக்க வைக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டு, பின் போடுவதற்கு முன்னால் யாராவது கூப்பிட்டால் பெயர் வராது, வெறும் எண் மட்டும் வரும். உங்கள் தொடர்புப் பட்டியலே அப்போது பூட்டில் இருக்கிறது. அணைத்த பிறகு முதல் தடவை பின் போடும் வரை அந்தச் சாவி உருவாவதே இல்லை. போனை வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வர நேர்ந்தால் அணைத்துக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் நீங்களே பின் போட்டுத் திறந்து தம்பி கையில் கொடுத்துவிட்டால் இந்தக் காவல் எதுவும் இல்லை. கேலரி, வாட்ஸ்ஆப், ஃபைல்ஸ் எல்லாம் அவன் முன்னால் திறந்துதான் இருக்கும். பூட்டிய ஃபோல்டருக்கு வேலை வருவது இங்கேதான்.

உங்களிடம் இருப்பது சாம்சங் என்பதால் அதிலேயே வரும் செக்யூர் ஃபோல்டரைத்தான் சொல்வேன். 2017-ல் வந்தது, நாக்ஸ் என்ற அவர்களுடைய பாதுகாப்பு அமைப்பின் மேல் கட்டியது. விலை குறைந்த சில மாடல்களில் மட்டும் இருக்காது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பெயரைப் போட்டுப் பார்த்தால் உங்கள் போனில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இது வெறும் படப் பெட்டி இல்லை. போனுக்குள் தனியாக ஒரு பயனர் கணக்குப் போல இயங்கும். அதற்கென்று தனி கேலரி, தனி ஃபைல்ஸ், வேண்டுமானால் இரண்டாவது வாட்ஸ்ஆப்கூட அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். போனின் பின்னுக்குச் சம்பந்தமில்லாத வேறு பின் போடலாம். ஐகானையே திரையிலிருந்து மறைத்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: யாராவது போனை 'ரூட்' செய்து, அதாவது அதன் உள் கட்டுப்பாடுகளை உடைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அந்தப் போனில் நாக்ஸ் நிரந்தரமாக முறிந்துவிடும், செக்யூர் ஃபோல்டர் பிறகு எப்போதும் வேலை செய்யாது.

பலரும் பயன்படுத்துவது கூகுள் போட்டோஸில் 2021-ல் வந்த லாக்டு ஃபோல்டர். நல்லதுதான். அதில் போட்ட படம் தேடலிலோ 'நினைவுகள்' என்று தானாக வரும் தொகுப்பிலோ வராது, மற்ற ஆப்களின் கண்ணிலும் படாது. ஆனால் அது திறப்பது உங்கள் போனின் லாக்கிலேயே. போனின் பின் அம்மாவுக்குத் தெரியும், தம்பியின் விரல் ரேகையும் போனில் பதிந்திருக்கிறது என்றால் அவர்கள் இருவருக்கும் அந்த ஃபோல்டரும் திறக்கும். பீரோவுக்குத் தனிப் பூட்டு வாங்கி, சாவியை வாசல் சாவியோடு அதே ஆணியில் மாட்டி வைப்பது மாதிரிதான். உங்கள் போன் உங்கள் கையை விட்டுப் போகாது என்றால் இது போதும். உங்கள் வீட்டுக்குப் போதாது.

சாம்சங் இல்லாதவர்களுக்கு, கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பில் 2020 முதல் இருக்கும் சேஃப் ஃபோல்டர் பரவாயில்லை. அதற்குத் தனி பின் உண்டு. ஷாவ்மி, ஓப்போ, ரியல்மி, விவோ போன்களின் ஃபைல் மேனேஜருக்குள்ளும் இந்த மாதிரி ஒன்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். ஆண்ட்ராய்டு 15-ல் வந்த பிரைவேட் ஸ்பேஸ், செக்யூர் ஃபோல்டரைப் போலவே தனி லாக்கோடு ஆப்களையும் சேர்த்துப் பூட்டும். ஐபோனில் மறைத்த ஆல்பம் ஐ.ஓ.எஸ். 16 முதல் பூட்டோடு வருகிறது, ஆனால் அதுவும் போனின் பாஸ்கோடிலேயே திறப்பது. அதில் நோட்ஸ் ஆப்பில் மட்டும் தனி பாஸ்வேர்டு போட முடியும்.

கால்குலேட்டர் மாதிரி தோன்றி உள்ளே படங்களை ஒளித்து வைக்கும் ஆப்களைப் பற்றி என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவற்றில் பல, கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, கேலரி கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்துவதோடு சரி. போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து மறைந்த கோப்புகளைக் காட்டு என்றால் எல்லாம் வரிசையாக வந்துவிடும். 2015-ல் மிகப் பிரபலமாக இருந்த ஒரு வால்ட் ஆப்பைப் பிரித்துப் பார்த்தபோது, அது கோப்பின் முதல் 128 பைட்டை மட்டுமே மாற்றுகிறது, அதற்குப் பயன்படுத்தும் சாவியும் 256 சாத்தியங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று தெரிய வந்தது. மீதிப் படம் அப்படியே கிடந்தது. முகம் தெரியாத ஒரு நிறுவனத்திடம் உங்கள் படங்கள் மொத்தத்துக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று நினைப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, செக்யூர் ஃபோல்டருக்கான பின் நம்பரை எப்படிப் போடுவது? நான்கு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 சாத்தியங்கள், ஆறு என்றால் 10 லட்சம். ஆறு இலக்கம் போடுங்கள். பிறந்த தேதி, வண்டி எண், போன் எண்ணின் கடைசி இலக்கங்கள் வேண்டாம். நீங்கள் தடுக்க நினைப்பது உங்களைத் தெரிந்தவர்களை, அவர்கள் முதலில் முயல்வது அதைத்தான். பேட்டர்னில் கணக்குப்படி 3,89,112 வடிவங்கள் உண்டு, ஆனால் பலர் எல், இசட் மாதிரி எளிய வடிவத்தில்தான் இழுக்கிறார்கள். விரல் போன தடமும் கண்ணாடியில் தெரிகிறது. விரல் ரேகையை இந்த ஃபோல்டருக்கு மட்டும் அணைத்து வையுங்கள். போனில் பதிந்த எந்த விரலும் அதைத் திறக்கும் என்பது ஒரு காரணம், தூங்குகிறவர் விரலை எடுத்து வைக்க இன்னொருவருக்கு ஒரு நொடி போதும் என்பது இன்னொன்று. திரை அணைந்த உடனே ஃபோல்டரும் பூட்டிக்கொள்ளும்படி அமைப்பில் வையுங்கள்.

பின் மறந்துபோனால் சாம்சங் கணக்கின் வழியாக மாற்றும் வசதியைச் செக்யூர் ஃபோல்டர் கேட்கும். ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்க வேண்டும். கூகுள் ஃபைல்ஸின் சேஃப் ஃபோல்டரில் இந்த இரக்கம் கிடையாது. பின் மறந்தால் மறந்ததுதான்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். படத்தை உள்ளே வைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு படம் போனில் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. உங்கள் சொந்தப் படம் ஒன்றை யாருக்காவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தால், அனுப்பிய படங்களுக்கென்று வாட்ஸ்ஆப் தனியாக ஒரு ஃபோல்டரில் நகல் வைத்திருக்கும். அந்த உரையாடலிலும் அது தெரியும். கேலரியில் அழித்தது 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் கடைக்கு மெயிலில் அனுப்பியிருந்தால் அனுப்பிய மெயில்களில் ஒன்று இருக்கும். மெமரி கார்டில் ஒன்று கிடந்தால் அதைக் கழற்றி வேறு போனில் போட்டு யாரும் பார்க்கலாம், ஏனென்றால் நாமாக அமைத்தாலொழிய கார்டு குறியாக்கம் ஆவதில்லை.

நம் பக்கம் இன்னொன்று ரொம்ப சகஜம். வீட்டுக்கே ஒரு ஜிமெயில். முதல் போன் வாங்கியபோது அண்ணனோ கடைக்காரரோ உருவாக்கித் தந்தது, அதையே அப்பா போனிலும் அம்மா போனிலும் போட்டிருப்பார்கள். போட்டோஸ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் காலையில் எடுத்த படம் மத்தியானம் அப்பா போனில் தெரியும். இந்த நிலையில் உங்கள் போனில் எவ்வளவு பெரிய பூட்டுப் போட்டும் பிரயோஜனம் இல்லை. உங்களுக்கென்று தனி கூகுள் கணக்கு உருவாக்குங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள், பழைய கணக்கை உங்கள் போனிலிருந்து எடுத்துவிட்டு, அதில் ஏற்கெனவே ஏறிப்போன படங்களை உலாவியில் போய்ப் பாருங்கள். வாட்ஸ்ஆப்பில் 'இணைத்த சாதனங்கள்' பட்டியலையும் பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். தனிப்பட்ட உரையாடல்களுக்கு 2023 முதல் வாட்ஸ்ஆப்பிலேயே சாட் லாக் இருக்கிறது. அதற்கும் போன் பின்னை விட்டுவிட்டு ரகசியக் குறியீடு வைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம் கடை. டிஸ்ப்ளே மாற்றுவதற்கு உங்கள் பின் தேவையே இல்லை. மாற்றிய பிறகு டச் எல்லா இடத்திலும் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். அதை நீங்களே கடையில் நின்று திறந்து காட்டலாம். எம்.சி. ரோடு பக்கம் நேர்மையாக வேலை செய்யும் தம்பிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் அட்டைப்பெட்டி மேல் பெயரும் பின் நம்பரும் பேனாவில் எழுதி, அது நாள் முழுக்க மேசை மேல் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கேட்கும் பழக்கமும் தவறு, கொடுக்கும் பழக்கமும் தவறு.

உங்கள் போனில் ஒன் யு.ஐ. என்ற சாம்சங் மென்பொருளின் 5-ஆம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால் 'மெயின்டனன்ஸ் மோடு' என்று ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி மற்றும் சாதனப் பராமரிப்புப் பக்கத்தில் பாருங்கள். அதைப் போட்டால் போன் அணைந்து எழுந்து, புதிதாக வாங்கியது மாதிரி காலியாக நிற்கும். உங்கள் படம், செய்தி, கணக்கு எதுவும் தெரியாது. கேமரா, ஸ்பீக்கர், டச் எல்லாம் சோதிக்கலாம். வெளியே வர உங்கள் லாக் வேண்டும். பிக்சலில் இதே வசதிக்கு ரிப்பேர் மோடு என்று பெயர். விரிசல் விட்ட டிஸ்ப்ளேயில் டச் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் போனின் சார்ஜர் துளையில் யு.எஸ்.பி. கருவிகளைச் செருக உதவும் ஓ.டி.ஜி. இணைப்பில் ஒரு சாதாரண மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்தே இதைச் செய்துவிடலாம். கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். சிம் இருந்தால் ஓ.டி.பி. வரும், அது உங்கள் படங்களைவிட ஆபத்து.

யாராவது "ரீசெட் அடித்துத் தருகிறேன், டேட்டாவை அப்புறம் ரெகவரி பண்ணிக்கலாம்" என்றால் போனைக் கையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மேலே சொன்ன சாவி ரீசெட்டில் அழிந்துவிடும். சாவி இல்லாத குறியாக்கத்தை எந்த மென்பொருளும் திறக்காது, அப்படித் திறப்பதாகச் சொல்பவர் உங்கள் பணத்துக்காகச் சொல்கிறார்.

இதன் மறுபக்கம் நம் ஊருக்கு முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. ஊறிப்போன போன்களைக் கொண்டுவந்தவர்கள் முதலில் கேட்டது போட்டோ கிடைக்குமா என்றுதான். முன்பு போர்டு, அதாவது போனின் உள்ளே எல்லாச் சிப்பும் பொருத்திய பலகை, செத்தாலும் மெமரி சிப்பிலிருந்து படங்களை எடுக்க வழி இருந்தது. இப்போது சாவியின் பாதி அந்தப் போர்டின் சிப்பிலேயே இருப்பதால், போர்டை உயிர்ப்பித்தால்தான் படம். திருடனைத் தடுக்கும் அதே ஏற்பாடு உங்களையும் தடுக்கும். அதனால் பூட்டி வைக்கும் எதற்கும் போனுக்கு வெளியே இன்னொரு நகல் இருந்தே ஆக வேண்டும். நான் சொல்வது, ஒரு பென் டிரைவில், 7-ஜிப் போன்ற இலவச மென்பொருளால் பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கிய கோப்பாக. கோப்பு வகையாக 7z-ஐத் தேர்ந்தெடுத்தால் 7-ஜிப் பயன்படுத்துவது ஏ.இ.எஸ். 256 என்ற வலுவான குறியாக்கம். பாஸ்வேர்டு நீளமாக, நான்கைந்து சம்பந்தமில்லாத சொற்களாக இருந்தால் பென் டிரைவ் தொலைந்தாலும் கவலை இல்லை. கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் ஸெட்ஆர்க்கைவர் என்ற ஆப் போனிலேயே அந்த வகைக் கோப்பை உருவாக்கும். பென் டிரைவ் உயரமான அலமாரியில் இருக்கட்டும், முடிந்தால் நீங்கள் நம்பும் ஒரு சொந்தக்காரர் வீட்டில்.

புதுப் போன் வாங்கும்போது பூட்டிய ஃபோல்டர் தானாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரைவேட் ஸ்பேஸ் வராது. போட்டோஸின் லாக்டு ஃபோல்டர், நீங்கள் அதற்குத் தனியாக பேக்கப் போட்டிருந்தால் மட்டும் வரும். போடாமல் ஆப்பை நீக்கினால் உள்ளே இருந்ததும் போய்விடும், இது தெரியாமல் 'ஸ்பேஸ் இல்லை' என்று ஆப்பை நீக்கி இழந்தவர்கள் உண்டு. செக்யூர் ஃபோல்டருக்கு நம்பகமான வழி, படங்களைப் பழைய போனில் வெளியே எடுத்து, புதிய போனுக்கு மாற்றி, அங்கே மறுபடி உள்ளே வைப்பது. அதைச் செய்யும் நேரத்தில் இரண்டு போனிலும் கூகுள் போட்டோஸ் பேக்கப்பை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே வந்த நிமிஷத்தில் எல்லாம் கூகுள் கணக்குக்கு ஏறிவிடும்.

கடன் ஆப்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு ஐயாயிரம் என்று ஆப்பை ஏற்றி, கேலரிக்கு அனுமதி கொடுத்து, பிறகு படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டப்பட்ட பெண்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். கடன் ஆப்கள் போனின் படங்களையும் தொடர்புகளையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. மீறிக் கேட்கும் ஆப் சட்டப்படி நடப்பது இல்லை என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். செக்யூர் ஃபோல்டருக்குள் இருப்பதை இப்படிப்பட்ட ஆப் பார்க்க முடியாது. யாராவது உங்கள் படத்தை வைத்து மிரட்டினால் பணம் அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அனுமதியின்றி ஒருவருடைய அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். தப்பு செய்தது பரப்பியவர், படத்தில் இருப்பவர் இல்லை.

ஆதாரைப் பொறுத்தவரை, படமாக வைத்திருக்க வேண்டிய தேவையே குறைவு. 2015-ல் வந்த டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில் துறைகளே வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமமாகச் செல்லும். எங்காவது நகல் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள்.

அப்பாவின் படகுத் தாள்களை மட்டும் பூட்டிய ஃபோல்டரில் வைக்காதீர்கள். படகுப் பதிவுச் சான்று, மீனவர் அடையாள அட்டை, இன்சூரன்ஸ் இதெல்லாம் ரகசியம் இல்லை, கேட்ட இடத்தில் காட்ட வேண்டியவை. கடலோரக் காவல்படை நடுக்கடலில் கேட்கும்போது அங்கே சிக்னலும் இருக்காது, உங்கள் பின் நம்பரும் அப்பாவுக்குத் தெரியாது. ஒரு நகலை அவர் போனிலேயே சாதாரணக் கேலரியில் போட்டுக் கொடுங்கள், காகித நகல் ஒன்றைத் தண்ணீர் புகாத உறையில் படகில் வைக்கச் சொல்லுங்கள். அவருடைய வங்கிப் பாஸ்புக் படத்தை மட்டும் உங்கள் செக்யூர் ஃபோல்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.